கடைமடை வரை: கல்லோயா வாய்க்கால்களில் ஒத்துழைப்பு உருவான விதம்

மனிதர்கள் எந்தச் சூழலில் ஒருவரோடொருவர் ஒத்துழைக்கிறார்கள், எந்தச் சூழலில் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள் என்ற கேள்வியை ஆராய்பவர்களுக்குப் பாசன வாய்க்காலைவிடக் கறாரான சோதனைக்களம் கிடைப்பது அரிது. மேய்ச்சல் நிலத்திலும் மீன்பிடிப் பரப்பிலும் ஒருவர் அளவுக்கு மீறி எடுத்தால் அதன் இழப்பு எல்லோர் தலையிலும் விழும். எடுத்தவரும் அதற்குத் தப்புவதில்லை. வாய்க்காலிலோ நீர் ஒரே திசையில் ஓடுகிறது. ஆகையால் தலைமடையில், அதாவது நீர் முதலில் வந்து சேரும் இடத்தில், நிலம் வைத்திருப்பவர் விரயம் செய்யும் நீருக்கான விலையைக் கடைமடைக்காரரே கொடுக்க வேண்டியிருக்கிறது; அவரால் பதிலுக்குத் தலைமடைக்காரரை எந்த வகையிலும் நெருக்க இயலாது. ஒருவருக்கு மற்றவருடைய தயவு தேவையே இல்லாத இந்த அமைப்பில் ஒத்துழைப்பு முளைத்தது என்றால், அது எதனால் முளைத்தது என்று கேட்பதில் பொருளிருக்கிறது.

கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டத்திலுள்ள கல்லோயாத் திட்டத்தின் இடதுகரைப் பகுதியில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய மாற்றம் இந்தக் கேள்வியைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் தனியிடம் பெற்றது. தலைமடையில் சிங்களக் குடியேற்றவாசிகளும் கடைமடையில் தமிழ் பேசும் உழவர்களும் இருந்த ஓரிடத்தில், இன முரண்பாடு போராக முற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேலே இருந்தவர்கள் தங்களுக்கு வந்த நீரை மிச்சப்படுத்திக் கீழே அனுப்பினார்கள். இதை நல்லெண்ணத்தின் வெற்றியாகவோ ஒரு திட்டத்தின் சாதனையாகவோ எழுதிவிடுவது எளிது. ஆனால் அங்கே நடந்தவற்றை வரிசைப்படி பார்த்தால், அண்டைக்காரர்களுக்கு இடையிலான பேச்சும், அந்தப் பேச்சில் எடுத்த முடிவுகளை அரசு மதித்து நடந்துகொண்டதும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதும், இரண்டில் எது முன்னே வந்தது என்பதே விளைவைப் பெருமளவு தீர்மானித்தது என்பதும் தெரியவரும்.

இத்தகைய இடங்களில் ஒத்துழைப்பை எதிர்பார்க்கவே கூடாது என்று சொன்ன கோட்பாடுகள் வலிமையானவை. பொருளியலாளர் மன்சர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட நூலில், ஒரு பொது நன்மை கிடைத்துவிட்டால் அதற்காக உழைக்காதவருக்கும் அது கிடைக்கும் என்பதால், பெரிய குழுக்களில் அறிவுள்ள எவரும் பிறர் உழைப்பில் பயன்பெறவே பார்ப்பார் என்று வாதிட்டார். ஊர்ப்பொதுச் சொத்து ஒவ்வொருவரின் பேராசையாலும் அழிந்தே தீரும் என்பது உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரையின் சாரம். அதிலிருந்து கொள்கை வகுப்பாளர்கள் இரண்டே வழிகளைப் பொறுக்கிக்கொண்டார்கள்: ஒன்று அரசு கையில் எடுக்க வேண்டும், அல்லது தனியாருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இருவரின் வாதத்துக்கும் அடியில் இருப்பது ஆட்டக் கோட்பாட்டினர் கைதிகளின் இக்கட்டு என்று சொல்லும் நிலை. தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்ட இருவரும் வாய்மூடி இருந்தால் இருவருக்கும் நன்மை என்றாலும், மற்றவர் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் இருவருமே காட்டிக்கொடுத்து இருவருமே கெடுவதை அது விளக்குகிறது. இந்த உவமையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கைதிகள் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேசிக்கொள்ள வழியில்லை என்பது ஆட்டத்தின் விதியாக வைக்கப்பட்டதே தவிர, மனித இயல்பைப் பற்றிய கண்டுபிடிப்பு அன்று.

அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால் நிலைமை மாறும் என்று அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980களில் காட்டினார். அவர் நடத்திய கணினிப் போட்டிகளில், முதலில் ஒத்துழைத்து, பிறகு எதிராளி கடந்த சுற்றில் செய்ததையே தானும் செய்யும் எளிய உத்தி வென்றது. ஆனால் இந்த முடிவை வாய்க்காலுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. பதிலுக்குப் பதில் என்பது இருவர் ஆடும் ஆட்டத்தில் செல்லும். பதினைந்து பேர் நீர் எடுக்கும் வாய்க்காலில் ஒருவர் செய்த தவறுக்காக மற்றொருவர் தூர்வார வராமல் நின்றுவிட்டால், தண்டனை தவறு செய்தவருக்கு அல்லாமல் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதற்கும் மேலாக, கடைமடைக்காரரிடம் பதிலடி கொடுக்க எதுவுமே இல்லை.

தமிழில் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்த கல்லோயாவின் குறுக்கே இங்கினியாகலையில் அணை கட்டும் பணி, சுதந்திர இலங்கையின் முதற்பெரும் வளர்ச்சித் திட்டமாக 1949இல் தொடங்கியது. அணைக்குப் பின்னால் உருவான நீர்த்தேக்கத்துக்கு முதற்பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டார்கள். காடு வெட்டித் திருத்திய நிலத்தில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் சிங்கள மாவட்டங்களிலிருந்து, நிலமற்ற குடும்பங்கள் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. வாய்க்காலின் கீழ்ப்பகுதியில், கடற்கரையை நோக்கிய பழைய வயல்வெளிகளில், தலைமுறைகளாக உழுதுவந்த தமிழரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவரப்பட்ட 1956 சூனில் இந்தப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை, அந்நாட்டின் இனக்கலவர வரலாற்றில் முதற்பெரும் நிகழ்வுகளில் ஒன்று. நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்ற பொறியியல் உண்மையும், யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற அரசியல் உண்மையும் ஒரே கோட்டில் அமைந்துபோன இடம் அது.

எழுபதுகளின் இறுதியில் இடதுகரைப் பகுதி, நாட்டின் பாசனத் திட்டங்களிலேயே மிகவும் சீர்குலைந்தது என்று பெயர் எடுத்திருந்தது. சீர்குலைவு எப்படிப்பட்டது என்பதை ஒரு வயல் வாய்க்காலின் அளவில் பார்ப்பது நல்லது. பிரதான வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்காலும், அதிலிருந்து வயல் வாய்க்காலும் பிரியும். இந்தக் கடைசி வாய்க்காலில் ஏறத்தாழப் பத்திலிருந்து இருபது குடும்பங்கள் நீர் எடுக்கும். மடையை ஒட்டி முதல் வயலை வைத்திருப்பவர் நீரை இரவு பகலாகத் திறந்துவிட்டுக்கொள்வது வெறும் பேராசையால் அன்று. வயலில் எப்போதும் நீர் நின்றால் களை அதிகம் முளைக்காது. களை முளைக்காவிட்டால் கூலி மிச்சம். அடுத்த முறை நீர் திறப்பதாக நீர்ப்பாசனத் திணைக்களம் சொன்ன நாளில் நீர் வந்த பழக்கம் இல்லாததால், கிடைக்கும்போது தேக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்றும் அவர் கற்றிருந்தார். கடைசி வயல்காரருக்கோ வாய்க்காலில் ஈரமணல்தான் மிச்சம். அவர் மண்வெட்டியோடு இரவில் நடந்துபோய் மேலே இருக்கும் மடையை அடைத்துவிட்டு வருவார், அவர் திரும்பி வீடு சேர்வதற்குள் அது மறுபடி திறந்திருக்கும். கதவுகள் உடைந்தும் கரைகள் வெட்டப்பட்டும் வாய்க்கால் புல்மண்டியும் கிடந்தன. சில வயல் வாய்க்கால்களில் பத்து இருபது ஆண்டுகளாக யாரும் தூர்வாரியதே இல்லை. கீழே இருப்பவருக்கு வராத நீருக்காக அவர் ஏன் வார வேண்டும்? மேலே இருப்பவருக்கு வாராமலே வரும் நீருக்காக அவர்தான் ஏன் வார வேண்டும்?

இந்த நிலைமைக்கு அரசின் கொள்கையும் பொறுப்பு என்பதை மறக்கக்கூடாது. இலங்கையின் குளத்துப் பாசனத்தில் வட்டவிதானை என்று ஒருவர் இருந்தார். முறை வைத்து நீர் விடுவதும், பொது வேலைக்கு ஆள் திரட்டுவதும், தவறியவரைக் கண்டிப்பதும் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. 1958இன் நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை நீக்கிவிட்டு, உழவர்கள் தேர்ந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த சட்டங்கள் அவற்றின் இடத்தில் அரசு நியமிக்கும் குழுக்களை வைத்தன. அவை ஆளுங்கட்சிக்காரர்களின் குழுக்களாயின. 1979இன் கமநல சேவைச் சட்டம் அவற்றையும் மாற்றியது. வட்டவிதானை முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் இருபதே ஆண்டுகளில் மூன்று முறை விதிகள் மாறிய ஊரில் எந்த விதியையும் நம்பி ஒருவர் தம் நீரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அமெரிக்க நிதியுதவியோடு இடதுகரை வாய்க்கால்களைச் செப்பனிடும் பணி தொடங்கியபோது, உழவர் அமைப்புகளை உருவாக்கும் பொறுப்பு கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்திடமும் அதற்குத் துணைநின்ற அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திடமும் வந்தது. கார்னெல் தரப்பை வழிநடத்தியவர் நார்மன் அப்ஹாஃப். பின்னாளில் தமிழக உழவர்கள் ஒற்றை நாற்று நடவு என்று அறிந்துகொண்ட முறையை உலகெங்கும் கொண்டுசென்றவரும் இவரே. இவர்கள் வகுத்த வழிமுறையில் முதற்காலடி ஓர் அமைப்பைப் பதிவு செய்வதாக இருக்கவில்லை. பட்டதாரி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து, 1981 மார்ச்சில் ஊர்களுக்குள் குடியிருக்க அனுப்பினார்கள். அமைப்பாளர்கள் எனப்பட்ட இவர்களுக்கு அதிகாரமும் இல்லை, பங்கிட்டுக் கொடுக்கப் பணமும் இல்லை. வரப்பு வரப்பாக நடந்து ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே சந்தித்து, வாய்க்காலில் என்ன கோளாறு என்று கேட்பதும், பிறகு அந்த ஒரு வயல் வாய்க்காலுக்கு உட்பட்டவர்களை மட்டும் ஒரு மர நிழலிலோ யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கூட்டி, வெளியார் உதவி இல்லாமல் தாங்களே உடனே தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும்தான் அவர்களுக்கு இட்ட வேலை. அந்த வேலை முடிந்த பிறகே, அதில் யார் முன்னின்றார் என்று எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகே, ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழுந்தது.

பிரதிநிதியை வாக்கெடுப்பின்றி ஒருமனதாகத் தெரிவு செய்தார்கள் என்பது சிறிய விவரமாகத் தோன்றினாலும் இந்த ஆய்வின் மையமே அதுதான் எனலாம். பச்சைக் கட்சி, நீலக் கட்சி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்த நாட்டில் வாக்கெடுப்பு நடத்தினால், வென்ற கட்சிக்காரர் பிரதிநிதியாவார். தோற்ற கட்சிக்காரரின் மடைக்கு அவர் பேச்சு செல்லாது. ஒருமித்த தெரிவில் ஒரே ஒருவர் மறுத்தாலும் பேச்சு தொடர வேண்டியிருந்ததால், எல்லோரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒருவரே வர முடிந்தது. கட்சிப் பேச்சுக்காரர்கள் பொதுவாக அந்தத் தகுதியைப் பெறுவதில்லை. பிரதிநிதிக்குச் சம்பளமும் கிடையாது.

அந்த ஆண்டுச் சிறுபோகத்தில், அதாவது பருவமழை இல்லாத கோடைப் பயிர்க்காலத்தில், சமுத்திரத்தில் கால்பங்கு நீர்தான் இருந்தது. நிதானமாக அமைப்புகளைக் கட்டலாம் என்றிருந்த திட்டத்தை வறட்சி அவசரப்படுத்தியது. ஒரு சில வாரங்களிலேயே பெரும்பாலான வயல் வாய்க்கால்களில் உழவர்கள் சிரமதானமாகத் தூர்வாரினார்கள். முறை வைத்துக் கடைசி வயலிலிருந்தோ முதல் வயலிலிருந்தோ தொடங்கி நீர் பாய்ச்சினார்கள். பல இடங்களில் தங்களுக்கு உரிய நாள்கள் முடியும் முன்பே மடையை அடைத்து மிச்ச நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டார்கள். மேலே மடையை அடைத்தவர்களில் பெரும்பாலோர் சிங்களவர்; கீழே அந்த நீர் சென்ற வயல்களில் கணிசமானவை தமிழ் பேசுவோருடையவை. சில ஆண்டுகளுக்குள் நீர்ப்பயன்பாட்டின் திறன், அதாவது குறிப்பிட்ட அளவு நீரைக் கொண்டு விளைவிக்க முடிந்த பரப்பு, ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்று பின்னர் வந்த மதிப்பீடுகள் கூறின.

வாய்க்காலில் நடந்ததைச் சோதனைக்கூடத்தில் நடந்தவற்றோடு சேர்த்துப் படித்தால் அது அவ்வளவு வியப்பாகத் தோன்றாது. பொதுப் பணத்துக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுப்பார் என்று சோதிக்கும் ஆட்டங்களில், சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட முடிவுப்படி, பங்கேற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நிபந்தனை ஒத்துழைப்பாளர்கள். அதாவது பிறர் கொடுத்தால் தாமும் கொடுப்பார்கள், பிறர் கொடுக்காவிட்டால் நிறுத்திக்கொள்வார்கள். எந்த நிலையிலும் கொடுக்காதவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. இந்தக் கலவையில் பிறர் என்ன செய்யப்போகிறார் என்ற எதிர்பார்ப்பே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இடத்தில் அந்த எதிர்பார்ப்பு சில சுற்றுகளிலேயே சரிந்துவிடும். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற்பெண்ணான எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்ட சோதனைகளில், ஆட்டக்காரர்களுக்கு நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வாய்ப்பை மட்டும் கொடுத்தபோது, அவர்கள் பேசி ஒப்புக்கொண்டதை மீறினால் தண்டிக்க யாரும் இல்லாதபோதும், பொதுவளத்தைப் பயன்படுத்திய விதம் பெருமளவு மேம்பட்டது. தண்டனைப் பலமில்லாத வாக்குறுதியைப் பொருளியலாளர்கள் வெற்றுப்பேச்சு என்று ஒதுக்குவார்கள். அது வெற்றாக இருக்கவில்லை.

இதன் மறுபக்கத்தைக் கொலம்பியாவின் கிராமங்களில் ஹுவான் கமிலோ கார்தெனாஸ் உள்ளிட்டோர் நடத்தி 2000இல் வெளியிட்ட களச்சோதனை காட்டியது. காட்டில் விறகு எடுப்பதைப் போன்ற ஓர் ஆட்டத்தை, உண்மையிலேயே விறகு எடுத்து வாழும் கிராமத்தாரைக் கொண்டே ஆடவைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பேசிக்கொள்ள வாய்ப்பு. மற்றொரு பிரிவினருக்கு வெளியிலிருந்து வந்த விதியும், எப்போதாவது நடக்கும் சோதனையும், அகப்பட்டால் அபராதமும். விதி வந்த தொடக்கச் சுற்றுகளில் எடுப்பு குறைந்தது. அகப்படும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்ததும் ஒவ்வொருவரும் தம் ஆதாயத்தை மட்டுமே கணக்கிடத் தொடங்கினார்கள். பேசிக்கொண்டவர்களே இறுதியில் நன்றாகச் செய்தார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளைத் தாமதமாக அழைக்க வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியதும், அபராதத்தை நீக்கிய பிறகும் குறையாததும் இதே ஆண்டு வெளியான மற்றொரு ஆய்வின் முடிவு. பிறர் நேரத்தை வீணாக்குகிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு கட்டணம் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டணம் போன பிறகும் கூச்சம் திரும்பவில்லை.

ஆயினும் இவற்றிலிருந்து அரசு ஒதுங்கிக்கொண்டால் ஊர் தானே பார்த்துக்கொள்ளும் என்ற முடிவுக்கு வருவது பிழை. கல்லோயாவில் அரசு ஒதுங்கியிருந்த காலமே சீர்குலைவின் காலம். வயல் வாய்க்காலில் பதினைந்து பேர் எவ்வளவு அருமையாக முறைவைத்தாலும், கிளை வாய்க்காலில் சொன்ன நாளில் நீர் வராவிட்டால் அந்த முறை ஒரே வாரத்தில் குலைந்துவிடும். ஆகவே மேல்மட்டத்தில் நடந்த மாற்றங்கள் கீழ்மட்டத்து மாற்றங்களைப் போலவே இன்றியமையாதவை. செப்பனிடும் பணியின் வரைபடத்தை முடிவு செய்யும் முன் பொறியியலாளர்கள் உழவர்களோடு வாய்க்கால் நெடுக நடந்தார்கள். மடை எங்கே அமைய வேண்டும், கரை எங்கே கசிகிறது என்ற விவரங்கள் அந்த நடையில்தான் வரைபடத்தில் ஏறின. விதைப்பு நாளையும் நீர் திறக்கும் நாளையும் முடிவு செய்யும் மாவட்ட அளவிலான கூட்டங்களில், அதுவரை அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் மட்டும் அமர்ந்த இடத்தில், உழவர் பிரதிநிதிகளுக்கும் இடம் கிடைத்தது. வயல் வாய்க்கால் குழுக்களின் பிரதிநிதிகள் கிளை வாய்க்கால் அமைப்பிலும், அவர்களின் பிரதிநிதிகள் அதற்கு மேலுள்ள பகுதிச் சபையிலும், இறுதியில் திட்டக் குழுவிலும் அமர்ந்ததால், கடைசி வாய்க்காலில் எழுந்த குறை நான்கு படி ஏறி முடிவெடுப்பவரின் மேசைக்கு வர வழி இருந்தது. திணைக்களம் சொன்னபடி நீர் விட்டது; உழவர்கள் சொன்னபடி முறைவைத்தார்கள்; ஒன்றின் நம்பகத்தன்மை மற்றொன்றுக்கு முட்டுக்கொடுத்தது. இலங்கை அரசு பங்கேற்புப் பாசன மேலாண்மையை நாடு தழுவிய கொள்கையாக ஏற்றது 1988இல். கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த திருத்தம் வந்தது 1991இல். நடைமுறை முதலிலும் சட்டம் பத்தாண்டு கழித்தும் வந்தன.

இந்த வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரப் பிரதேசம் எடுத்துக்காட்டு. உழவர்களிடம் பாசனத்தை ஒப்படைக்கும் சட்டம் 1997இல் அங்கே நிறைவேறியது. அதே ஆண்டு சூனில் ஒரே வீச்சில் தேர்தல் நடத்திப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உருவாக்கப்பட்டன. சீர்திருத்தத்தின் வேகத்தை அப்போது பலரும் பாராட்டினார்கள். சங்கத்துக்கு வாய்க்கால் வேலைக்கான நிதி வந்தது. பல இடங்களில் தலைவர் பதவி ஒப்பந்தக்காரர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் உகந்த பதவியாயிற்று. நீரை எப்போது, யாருக்கு, எவ்வளவு விடுவது என்ற அதிகாரம் பெரும்பாலும் துறையிடமே தங்கிவிட்டது. வேலைத்தளமாகச் சங்கம் சில நன்மைகளைச் செய்தது உண்மையே என்றாலும், முறைவைத்துக்கொள்ளும் அண்டைக்காரர்களின் கூட்டமாக அது மாறியது சில இடங்களில்தான்.

கான்கிரீட்டும் ஒத்துழைப்பைக் குலைக்கக்கூடும் என்பது நேபாளத்தில் கிடைத்த பாடம். ஆஸ்ட்ரமும் வை ஃபங் லாமும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டபோது, மரமும் கல்லும் சேறும் கொண்டு உழவர்களே ஆண்டுதோறும் கட்டும் தற்காலிக அணைகள் உள்ள வாய்க்கால்களில், அரசு கட்டிய நிரந்தர அணைகள் உள்ளவற்றைவிடக் கடைமடைக்கு நீர் நன்றாகச் சென்றது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் அணையை மறுபடி கட்ட ஆள் வேண்டும். அதற்குக் கடைமடைக்காரரின் கைகளும் தேவை. ஆகவே அவருக்கு நீர் கொடுத்தாக வேண்டும். நிரந்தர அணை வந்ததும் தலைமடைக்காரருக்கு அவர் தேவைப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செலவிட்ட பொதுப்பணம், ஒருவரையொருவர் சார்ந்திருக்கவைத்த முடிச்சை அவிழ்த்துவிட்டது.

தமிழகத்துக் கண்மாய்களின் வரலாறும் இவ்விடத்தில் எச்சரிக்கையாக நிற்கிறது. ஊரார் கூடிக் கரையையும் வரத்துக்காலையும் செப்பனிடும் குடிமராமத்து நலிவதைக் கண்ட காலனி அரசு, சென்னை மாகாணத்துக்கென 1858இல் ஒரு சட்டம் இயற்றி அதைக் கட்டாயமாக்கியது, வராதவருக்கு அபராதம். வழக்கத்தைத் தாங்கிய உறவுகள் மாறிக்கொண்டிருந்தபோது அதன் வெளித்தோற்றத்தை மட்டும் ஆணையால் பிடித்துவைக்கப் பார்த்த அந்தச் சட்டத்தால் குடிமராமத்து உயிர்பெறவில்லை. அதே சமயம், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ் தம் 2003ஆம் ஆண்டு நூலில் காட்டியபடி, பழைய ஒத்துழைப்பை ஊராரின் சமத்துவமான கூட்டுறவாகக் கற்பனை செய்வதும் சரியன்று. கோயில் மரியாதையும் சாதி அதிகாரமும் பாளையக்காரரின் ஆட்சியும் அதைத் தாங்கி நின்றன. மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியின் வேலை பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரின் தலையில் விடிந்தது. ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் யார் யாரோடு, என்ன விலையில் என்று கேட்டுக்கொள்வது ஆய்வாளருக்கு நல்லது.

கல்லோயாவையும் அந்தக் கேள்வியிலிருந்து விலக்க முடியாது. அங்கு உருவானவை நிலத்தை உழுபவர்களின் அமைப்புகள். நடவுக்கும் அறுப்புக்கும் வரும் கூலியாட்களின் நலன் அவற்றில் நேரடியாக இடம்பெறவில்லை. குடியேற்றத்தால் எழுந்த அரசியல் கேள்விக்கும் வாய்க்கால் அமைப்பு விடை சொல்லவில்லை, சொல்லக்கூடியதும் இல்லை. சிங்கள உழவர் தம் நீரைக் கடைமடைக்கு விட்டார் என்பதைக் கொண்டு, இன முரண்பாடு போராக முற்றிய 1983க்குப் பிறகு அந்த மாவட்டம் கண்ட இரத்தத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அமைப்பாளர்களின் கதையும் முழு வெற்றியன்று. அவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். அரசு ஆசிரியர் வேலை கிடைத்தபோது பெரும்பாலோர் போய்விட்டார்கள், அதில் அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஒவ்வொரு தொகுதி போகும்போதும் புதிதாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பெயர்வு கெடுதியாகவே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அமைப்பாளரை நம்பியே இருந்திருக்கக்கூடிய ஊர்கள் தங்கள் பிரதிநிதிகளை நம்பப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது, திட்டம் 1985இல் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் தெரிந்தது. சமுத்திரத்தில் நீர் குறைவு. இடதுகரைப் பகுதி முழுவதும் நெல் பயிரிடப் போதாது, ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் பரப்புக்கு மட்டுமே அனுமதி என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். பொதுவாக இத்தகைய ஆண்டுகளில் தலைமடை விளையும், மற்றது தரிசாகும். இம்முறை உழவர் அமைப்புகள் தங்களுக்குள் பேசி, இருப்பதை எல்லோருக்கும் பங்கிட்டுக்கொள்வதாகத் தீர்மானித்து, 65,000 ஏக்கர் முழுவதிலும் நெல் விதைத்தன. போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில் மேலேயிருந்த சிங்கள உழவர்களும் கீழேயிருந்த தமிழ் உழவர்களும் ஒரே முறைக்கு உட்பட்டார்கள். அறுவடையின்போது விளைச்சல் வழக்கமான ஆண்டுகளின் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது. அதிகாரிகளின் கணக்கைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஓர் ஏக்கர் நெல்லுக்கு வழக்கமாகச் செலவாகும் நீரை வைத்துப் பார்த்தால் அது சரியான கணக்குத்தான்.